போல்ட்டு போல்ட்டாக ஒரு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கழற்றுவதற்கென்றே பிறந்த கார் போலத் தோன்றும். உண்மையில் அது நெருக்கடியில் பிறந்த கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953இல் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போனது. அடுத்த சிறிய காருக்கு ஒரே கூடாகப் பற்றவைத்த பாடியை இனி யாரிடம் கேட்பது? தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் ஒரு படி பின்னே போனார். அப்போதே பழையதாகிக்கொண்டிருந்த தனி சேசிஸ் முறையை மறுபடி எடுத்தார். பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு சிறிய ஆலைகளில் அடித்து, எல்லாவற்றையும் சேசிஸ் மேல் போல்ட்டால் பூட்டிவிடலாம் என்பது ஏற்பாடு. இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி அதற்கு வடிவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி வேறொரு நாட்டில் பூட்ட இதைவிடத் தோதான கார் கிடையாது. 1948இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் அருகே இருந்த தன் ஆலையில் 1961 முதல் இதைத் தயாரித்தது. அங்கே டிரையம்ப், இங்கே ஸ்டாண்டர்டு. பெயரில் அவ்வளவுதான் வித்தியாசம். நாட்டில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்று கார்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த காலம் அது. கல்கத்தா அம்பாசடரும் பம்பாய் ஃபியட்டும் டாக்சியாக ஓடித் தேய, மெட்ராஸ் ஹெரால்டு பெரும்பாலும் வீட்டுக் காராகவே இருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டின் இன்ஜின் 948 சிசியில் தொடங்கி 1147 சிசி, 1296 சிசி என்று வளர்ந்தது; 1971இல் கார் உற்பத்தி நின்றது. இங்கோ கடைசிவரை அதே 948 சிசிதான். பதிலுக்கு இங்கிலாந்து செய்யாத ஒன்றை மெட்ராஸ் செய்தது: 1960களின் இறுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு. 1972இல் வந்த கசெலும் இதே குடும்பம்தான். பின்அச்சை மாற்றினார்கள். 1977வரை அது உற்பத்தியானது.

இன்று பழுதுபார்த்து மீட்கப்படும் ஹெரால்டுகளில் பல, ஒரே வீட்டு ஷெட்டில் இருபது முப்பது ஆண்டு நின்றவை. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டப் பழகியது, பிறகு யாரும் தொடாதது. குடும்பமாகச் சேர்ந்து ஒரு காரை மீட்பதற்கு இது பொருத்தமான கார்தான். பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் மூக்குப்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜின் மூன்று பக்கமும் வெட்டவெளியாக நிற்கும். முன்சக்கரத்து டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யலாம். ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று வேலை பார்த்தாலும் ஒருவர் முழங்கை அடுத்தவர் மேல் இடிக்காது.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதல்ல. ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் அடித்திருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. தாத்தா பெயரிலேயே ஆர்சி இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுப் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்க வேண்டும். இன்ஜின் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஓடும் காரும் ஓட்ட முடியாத காகிதமுமாக நிற்க நேரும்.

அடுத்தது துரு. ஹெரால்டின் சேசிஸ் முதுகெலும்புபோல் நடுவே ஓடும் இரட்டை இரும்புப் பெட்டி. அதிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்குகின்றன. சேறும் தண்ணீரும் தங்குவது அந்தக் கைகளில்தான். மேலே பெயிண்ட் பளபளவென்றிருக்கும். அடியில் படுத்து ஒரு பழைய திருப்புளியால் குத்தினால் சில இடங்களில் அப்பளம்போல் உள்ளே போகும். கைகள் போயிருந்தால் புதிதாகச் செய்து பற்றவைக்கலாம், பயமில்லை. முதுகெலும்பே போயிருந்தால், அந்தக் குடும்பம் உட்கார்ந்து நிதானமாகப் பேசவேண்டிய நேரம் அதுதான். எதையும் கழற்றுமுன் ஒன்று: கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். போல்ட்டில் நிற்கும் பாடி, போல்ட்டைத் தளர்த்தியதும் தன் இடத்தை மறந்துவிடும்.

கழற்றுவதில்தான் வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு உண்டு. ஒருவர் கழற்றுகிறார், ஒருவர் போனில் படமெடுக்கிறார், பத்து வயதுப் பெண்ணோ பையனோ ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் ஜிப் கவரில் போட்டு, ‘தண்ணி பம்ப், இடது மேல், நீளமானது’ என்று சீட்டு எழுதுகிறது. மொத்த வேலையில் மதிப்பு அதிகமான பதவி அந்தச் சீட்டு எழுதும் பதவிதான். ஆறு மாதம் கழித்து ஒரே தடிமனில், கால் அங்குல நீளம் மட்டும் வித்தியாசமாக எட்டு போல்ட்டுகள் மேசைமேல் கிடக்கும்போது எல்லாரும் அந்தக் குழந்தையைத்தான் தேடுவார்கள். நீளமான போல்ட்டைக் குட்டையானதன் துளையில் போட்டு இறுக்கினால், அது அடிவரை போய் முட்டி உள்ளே இருக்கும் இரும்பை விரிக்கும், அல்லது மறை போகும்.

இந்தக் காரின் பெரும்பாலான மறைகள் அங்குலக் கணக்கு. அரை இன்ச், ஏழு பதினாறு, ஒன்பது பதினாறு என்று பழைய மெக்கானிக்குகள் மனப்பாடமாகச் சொல்லும் ஸ்பேனர்கள்தான் வேண்டும். 13 எம்எம் ஸ்பேனர் அரை இன்ச் தலைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் போல்ட்டின் தலையை உருண்டையாக்குகிறது. துருப்பிடித்தவற்றில் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைப்பதும், இறுக்கும் திசையில் மயிரிழை அசைத்துப் பிறகு தளர்த்துவதும் வழக்கம். போல்ட்டு உடைவதெல்லாம் அவசரப்பட்ட சாயங்காலங்களில்தான்.

கிராங்க் சுற்றாமல் இறுகிப்போன இன்ஜினைக் கண்டு பலரும் மனம் தளர்கிறார்கள். நீண்டகாலம் நின்ற இன்ஜினில் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும், அவ்வளவே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் விட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது மட்டும் கூடாது. எண்ணெயே இல்லாத பேரிங்கின் மேல் அது செய்யும் சேதத்துக்குப் பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த இன்ஜின், 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சிசியில் வந்த வடிவமைப்பின் வளர்ச்சி. நான்கு சிலிண்டர், துளை 63 மிமீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மிமீ. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம்ஷாப்ட் பிளாக்கின் பக்கத்தில் படுத்திருக்கும். அதிலிருந்து புஷ்ராடுகள் மேலே போய் ராக்கர் வழியாக வால்வுகளைத் தள்ளும். கிராங்க்ஷாப்ட்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். திறன் ஏறக்குறைய 35 குதிரைத்திறன். இன்றைய சிறிய கார்கூட இதைவிட இரட்டிப்புத் திறன் தரும். ஆனால் அதன் பானெட்டைத் திறந்தால் தெரிவது பிளாஸ்டிக் மூடிதான். இங்கே ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்பதைக் கைவிரலால் தொட்டே புரிந்துகொள்ளலாம். பெரிய இயந்திரம் எதுவுமின்றி, வாடகைக்கு எடுத்த ஒரு செயின் பிளாக்கில் கட்டித் தூக்கிவிடலாம்.

இன்ஜினை வெளியே எடுத்துப் பிரித்த பிறகு, கை வேலை குறைந்து அளவை வேலை ஆரம்பிக்கிறது. இன்ஜின் கட்டுவது என்றாலே எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது செலவுக்கு வழி, நல்ல இன்ஜினுக்கு வழியல்ல. எதை மாற்றாமல் விடலாம் என்று அளந்து தீர்மானிப்பதுதான் வேலையின் உயிர். இதற்கான அளவை லேத் பட்டறைகளில் ‘தவ்’ என்பார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ மூன்று தவ்.

சிலிண்டரின் மேல்விளிம்பில் விரலை வைத்து உள்ளே இறக்கினால் பல இன்ஜின்களில் ஒரு படி தட்டுப்படும். மேல் ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்பதால் வரும் படி அது. அதற்குக் கீழே துளை தேய்ந்திருக்கும், அதுவும் வட்டமாக அல்ல. எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும்போது கனெக்டிங் ராடு சாய்ந்திருப்பதால், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரை அழுத்தியபடியே இறங்குகிறது. அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்து துளை முட்டைவடிவமாகிறது. ஆகவே துளை அளக்கும் போர் கேஜை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் வைத்து அளப்பார்கள். நான்கு சிலிண்டருக்கு மொத்தம் 24 எண்கள். ஒருவர் அளந்து சொல்ல இன்னொருவர் கட்டம்போட்ட காகிதத்தில் எழுதினால் தேய்மானத்தின் வரைபடமே கிடைத்துவிடும். தேய்மானம் காரின் சர்வீஸ் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் செய்து (துளைச் சுவரை லேசாகக் கீறிவிட்டு) புது ரிங் போட்டால் போதும். தாண்டியிருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன். முன்பே பலமுறை ரீபோர் ஆன பிளாக் என்றால் ஸ்லீவ் அடித்து மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவரலாம்.

இங்கே ஒரு ஒழுங்கு உண்டு. பிஸ்டன் கையில் வந்த பிறகே ரீபோர். இருபது தவ் பிஸ்டன் கிடைக்கும் என்று நம்பித் துளையைப் பெரிதாக்கிவிட்டு, முப்பது தவ் மட்டுமே கிடைத்தவர்கள் நிறைய. ஹெரால்டுக்கான பாகங்களை இப்போது யாரும் வரிசையாக அடுக்கி விற்பதில்லை. பழைய கடைகளின் மிச்சச் சரக்கு, சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள், இதே இன்ஜின் வழிவந்த பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படும் பாகங்கள் என்று மூன்று திசையில் தேட வேண்டும். இங்கிலாந்திலிருந்து வாங்கும்போது கவனம் வேண்டும்: 1147 சிசியின் பாகங்கள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், எல்லாமே 948இல் சேராது. சென்னையின் அனுகூலம் பாகத்தில் அல்ல, கையில் இருக்கிறது. செம்பியம் பகுதியில் பிஸ்டன், பாடி பகுதியில் பிரேக்கும் மின்கருவியும் என்று மோட்டார் பாகத் தொழில் வேரூன்றிய ஊர் இது. மாதிரியைக் கொடுத்தால் அதேபோல் கடைந்து தரும் லேத்துக்காரர் இன்னும் இங்கே கிடைக்கிறார்.

கிராங்க்ஷாப்ட்டை நகத்தால் சோதிப்பது முதல் சோதனை. பேரிங் ஓடும் இடத்தில் நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டக் கூடாது. தட்டினால் கிரைண்டிங்; பத்து தவ் குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங். கழற்றிய பழைய பேரிங்குகளைத் தூக்கியெறியாமல் வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. சீரான சாம்பல் நிறம் நல்ல எண்ணெயின் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் மினுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். கோடுகோடாகக் கீறல் என்றால் எண்ணெயில் மண்.

இந்த இன்ஜினுக்கே உரிய ஒரு பலவீனம் உண்டு. அது தெரியாமல் கட்டினால் எல்லா உழைப்பும் வீண். கிராங்க்ஷாப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் பிறைவடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு, பின்புற வாஷர் மேல் பாரம் விழும். சிக்னலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவராமல் கிளட்சை மிதித்தபடியே நிற்பவரின் காரில் அது சீக்கிரம் தேயும். மிகத் தேய்ந்தால் வாஷர் இடத்தைவிட்டு நழுவி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். இதை இன்ஜினைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் தனியாளாக முடியாது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விட வேண்டும். இன்னொருவர் முன்னால் குனிந்து ஃபேன் புல்லியையே பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த கார் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது. புது வாஷர் போடும்போது எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நாளில் பழைய கதைதான்.

ஹெட்டில் பார்க்க வேண்டியது வால்வு இருக்கைகள். ஹெரால்டு வந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அந்த ஈயம் வால்வும் வார்ப்பிரும்பு இருக்கையும் மோதுமிடத்தில் மெல்லிய மெத்தைபோல் படிந்து காத்தது. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் விடைபெற்றது. மெத்தை போனதால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையை அடித்து அடித்து உள்ளே புதைந்துகொண்டே போகும். டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைவது அதன் அறிகுறி. ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது என்பதால், அப்போதே கெட்டியான எஃகு இருக்கைகளைப் பதித்துவிடுவது புத்திசாலித்தனம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பது இன்னொரு சிக்கல். பழைய ரப்பர் ஹோசும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊதி, பிசுபிசுத்து, விரிசல் விடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றாமல் விட்டால், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும் அபாயம் இருக்கிறது.

ஹெட் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க எஃகு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் போதும். வால்வு அரைப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது, சிறுவர்களுக்கு மிகவும் பிடித்ததும்கூட. ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை வால்வின் முகத்தில் ஒட்டி, அரைக்கும் பசை தடவி, மோர் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். கரகர சத்தம் மெல்ல மிருதுவாகும்போது தூக்கிப் பார்த்தால் ஓரம் முழுக்க ஒரே சாம்பல் வளையம் தெரியும். வளையம் எங்கேயும் அறாமலிருந்தால் வேலை முடிந்தது. ஒரு துளி பசைகூட உள்ளே தங்காமல் கழுவ வேண்டும். சிலிண்டரில் போனால் அதே பசை அங்கேயும் அரைக்கும்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாகத் தெரிந்தாலும் சுத்தமல்ல. ஹோனிங் விட்டுச்சென்ற பொடி துளைச் சுவரின் கீறல்களுக்குள் பதுங்கியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை முழுக்க எடுக்காது. வெந்நீரும் சோப்புப் பொடியும் நார் பிரஷும்தான் எடுக்கும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். ஈரம் உலர்ந்த கையோடு எண்ணெய் பூசாவிட்டால் அரை மணியில் துரு. எண்ணெய் வழிகளின் மூடிகளைக் கழற்றி உள்ளே நீள பிரஷ் விட்டுக் கழுவாத இன்ஜின், கட்டிய இன்ஜின் ஆகாது.

மாட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் முதலில் அதன் சிலிண்டருக்குள் தனியாக வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, முனைகளின் இடைவெளியை அளக்கிறார்கள். 63 மிமீ துளைக்கு அது ஏறத்தாழ எட்டு முதல் பத்து தவ் இருக்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். பேரிங் இடைவெளியை அறிய பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் உதவுகிறது. அதைக் கிராங்க் மேல் வைத்து மூடியை உரிய டார்க்கில் இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடியாகக் கடைந்தவை. இரண்டாவதன் மூடி மூன்றாவதுக்குச் சேராது. டைமிங் பல்சக்கரங்களின் குறிகளை நேர்வைத்துச் செயின் மாட்டியதும், இரண்டு பேர் தனித்தனியே பார்த்துச் சரி சொல்வது நல்ல பழக்கம். ஒரு பல் தவறினாலும் இன்ஜின் சுற்றும், ஆனால் சரியாக ஓடாது.

டேப்பெட் வைப்பதற்கு இந்த எட்டு வால்வு இன்ஜினில் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. முன்னிருந்து பின்னாக வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ண வேண்டும். முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யலாம், இரண்டாவது திறந்தால் ஏழாவது, மூன்றாவதுக்கு ஆறாவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது. குளிர்ந்த இன்ஜினில் இடைவெளி பத்து தவ். ஃபீலர் இழை வெண்ணெயில் கத்திபோல் வழுக்கக் கூடாது, மாட்டிக்கொள்ளவும் கூடாது. லேசாகப் பிடித்து விட வேண்டும். அந்தப் பிடியை எழுதிப் புரியவைக்க முடியாது. பழகிய கை ஒருமுறை வைத்துக்கொடுத்து, பழகாத கை இழுத்துப் பார்த்தால் அந்த நொடியில் புரியும்.

சேசிஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் சுருக்க முடியாது. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சின் அடியில் ட்ரன்னியன் என்ற வெண்கல மறைக்கூடு இருக்கிறது. அதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் அங்கேயும் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து வழியை அடைத்து, உள்ளே தண்ணீர் புகுந்து அச்சு அரித்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் உள்பக்கமாக மடிந்து விழும். குடும்பம் ஏறப்போகும் காரில் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. ஒரே சுற்றில் இயங்கும் பிரேக் என்பதால் எங்கே கசிந்தாலும் மொத்தமும் போகும். ரப்பர் கப்புகள், ஹோஸ்கள் அத்தனையும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். முன் சுருள் ஸ்பிரிங்கையும் பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கையும் உரிய கருவி இல்லாமல் கழற்றக் கூடாது. பழைய பெட்ரோல் டேங்க்கை வீட்டில் பற்றவைக்கவும் கூடாது. இவை இரண்டும் தெரிந்தவர்களிடம் போகவேண்டிய வேலைகள். டிங்கரிங், பெயிண்டிங் கணக்கும் அப்படியே. பெரும்பாலும் இன்ஜினுக்கு ஆனதைவிட அதற்குத்தான் அதிகம் செலவாகும். பட்டி பூசுமுன் கதவுகளை மாட்டி, முன்பு எழுதிவைத்த இடைவெளி வருகிறதா என்று பார்க்காவிட்டால், புதுப் பெயிண்டைச் சுரண்டித்தான் கதவு மூடும்.

பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு சேர்வது நேர்முனை. இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் டைனமோவும் ரெகுலேட்டரும் புகையும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிடுவது கட்டாயம். பிளக் இல்லாததால் இன்ஜினுக்குப் பாரமில்லை. எண்ணெய் மட்டும் எல்லா இடமும் போய்ச் சேரும். பிறகு பிளக் மாட்டி, 1-3-4-2 வரிசையில் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம். ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் தீயணைப்பானோடு, ஒருவர் தரையில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க. கேம்ஷாப்ட் புதிது என்றால் ஐட்லிங்கில் விடாமல் ஏறத்தாழ இருபது நிமிடம் இரண்டாயிரம் சுற்று வேகத்தில் ஓடவிட வேண்டும். கேமும் டேப்பெட்டும் தெறிக்கும் எண்ணெயை நம்பியே இருக்கின்றன. மெல்லச் சுற்றினால் அது போதிய அளவு தெறிக்காது. முதலில் வரும் புகையும் நாற்றமும் பூசிய எண்ணெயும் சைலன்சர் பெயிண்டும் எரிவது. அதைப் பார்த்துப் பயந்து உடனே அணைத்துவிடுபவர்கள் உண்டு.

சாலைக்கு வரும்போது சட்டத்தையும் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத கார், இருசக்கர வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் தினமும் அலுவலகம் போய்வர முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி போய்விடும். ஓடினால் போதும் என்று வேறொரு காரின் இன்ஜினைப் பொருத்திய பழைய கார்களுக்கு இந்தக் கதவு மூடியிருப்பது இதனால்தான். 948 சிசியையே பாடுபட்டு மீட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புது ரிங்குகள் சுவரோடு படிய முதல் 500 கிலோமீட்டர் வேண்டும். அதற்காக உருட்டிக்கொண்டே போகக் கூடாது. மிதமான வேகத்தில், அவ்வப்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியும் விட்டும் ஓட்டினால்தான் வாயு அழுத்தத்தில் ரிங் சுவரோடு ஒட்டிப் படியும். ஆயிலை மாற்றும்போது சம்ப்பிலிருந்து வடிவதை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பார்க்க வேண்டும். சாம்பல் நிற மினுமினுப்பு படிதலின் அடையாளம். கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கு இருந்தால் இன்ஜினை மறுபடி திறக்க வேண்டும். மறுநாள் காலை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, ஹெட் நட்டுகளைக் கையேட்டின் வரிசையில் இன்னொருமுறை டார்க் வைத்து, எட்டு டேப்பெட்டையும் ஒன்பது கணக்கில் திரும்பப் பார்த்து, ராக்கர் மூடியை மூடலாம்.